ஓட்டுநர்: ஆம், ஓய்வு

மாமனாரின் லேப்டாப் சரியாகப் பதினோராவது நிமிடத்தில் இருண்டுபோகும். பத்தாவது நிமிடத்தில் போனதில்லை, பன்னிரண்டு வரை தாக்குப்பிடித்ததும் இல்லை. அப்படியொரு நேரந்தவறாமை வேறு எதில் இருந்திருந்தாலும் மாப்பிள்ளை மெச்சியிருப்பார்.

மாப்பிள்ளைக்குப் பொய்ப்பல் செய்வது தொழில். ஒரு பல் மருத்துவரின் மருத்துவமனையின் பின்புறக் கூடத்தில் உட்கார்ந்து, யாருடைய வாய்க்கோ பொருந்த வேண்டிய பல்லை மயிரிழை மயிரிழையாகத் தேய்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில் மாமனார் ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட ஆரம்பித்தது வீட்டுக்கும் தெருவுக்கும் தொற்றி, இப்போது பல் மருத்துவரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

மாமனார் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாளே கடைக்குப் போய், இளவட்டங்கள் விளையாட வாங்கும் கனத்த கேமிங் லேப்டாப் ஒன்றையும், மேசையில் பொருத்தும் ஸ்டியரிங் ஒன்றையும் வாங்கிவந்தார். அதில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. ஆயுசு முழுக்க ஒரே தடத்தில் போய்வந்தவர், மலைப்பாதையிலும் கடலோரத்திலும் பனிக்குள்ளும் சாயங்காலம்தோறும் பஸ் ஓட்டினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றார். ஏறாத பயணிக்காகக்கூட இரண்டு நிமிடம் பொறுத்தார்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பயிற்சி கொடுக்க வந்த பிசியோ அம்மா, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். மாமனார் பந்தைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், பந்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டார். ஆனால் ஸ்டியரிங்கின் முன்னால் உட்காரவைத்தபோது மட்டும், ஒரு வளைவில் அந்த வலது கை தன்னையறியாமல் எழுந்து சக்கரத்தைத் தொட்டது. பிசியோ அம்மா உடனே சொல்லிவிட்டார்: “பந்து வேண்டாம், பஸ்ஸே ஓட்டட்டும். தினம் ஒரு மணி நேரம். விட்டா விரல் மடங்கிப் போயிடும்.”

அந்த ஒரு மணி நேரம்தான் பதினோரு நிமிடமாகச் சுருங்கிவிட்டது. திரை இருளும். எஞ்சின் சத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்கும். பிறகு திரை வெளுத்து ஒரு வாசகம் வரும்: ‘டிரைவர் செயலிழந்துவிட்டது.’

முதல் தடவை அதைப் படித்துவிட்டு மாமனார் மெதுவாகக் கேட்டார். “என்னையா சொல்லுது?”

“இல்ல மாமா. உள்ள ஒரு புரோகிராம். படத்தைத் திரைக்குக் கொண்டுவர்றது அதுதான். அதுக்குப் பேரு டிரைவர்.”

“அதுவும் செயலிழந்துடுச்சா?”

மாப்பிள்ளை லேப்டாப் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

உதவி எண்ணில் பேசியவர்கள் எல்லோரும் தங்கமானவர்கள். ஒவ்வொருவரும் முதலில் வருத்தம் தெரிவித்தார்கள், பிறகு லேப்டாப்பை அணைத்துப் போடச் சொன்னார்கள். டிரைவரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஏற்றச் சொன்னார்கள். புதியது சரிப்படவில்லை என்றதும், அதற்கு முந்தியதை ஏற்றச் சொன்னார்கள். மாப்பிள்ளை பல்லுக்கு அச்செடுக்கிற பொறுமையோடு ஒவ்வொன்றையும் செய்தார். கடைசியில் ஒருவர், விளையாட்டின் காட்சிகளைக் குறைத்தால் பாரம் குறையும் என்றார். முதலில் மரங்களை எடுத்தார்கள். பிறகு மழையை எடுத்தார்கள். நிழல்களும் போயின. பயணிகளையும் எடுத்தாயிற்று. அப்போதும் பதினோராவது நிமிடம் பதினோராவது நிமிடமாகவே இருந்தது.

“ஆளே ஏறாத பஸ்ஸை எதுக்கு மாப்பிள்ளை ஓட்டணும்?” என்றார் மாமனார். அன்றிலிருந்து சாயங்காலங்களில் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். வலது கை மடியில் ஒரு சாமான் மாதிரி கிடந்தது.

“ஏங்க, நேர்லயே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்களேன்,” என்றாள் மனைவி. “மூணு வருஷத்துக்கு அவங்கதானே பொறுப்பு. அரை நாள் வேலை.”

நிறுவனத்தின் பழுதுபார்ப்புக் கூடத்துக்கு ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம்’ என்று பெயர். மூன்றாவது மாடி. லிப்ட் மகிழ்ச்சி ஊழியர்களுக்கு மட்டும். கூடத்தில் ஒன்றோடொன்று திருகி இணைக்கப்பட்ட முப்பது நாற்காலிகள், ஒரு டோக்கன் இயந்திரம், மேசைக்குப் பின்னால் ஒரு பெண். அவள் மாப்பிள்ளையிடம் நான்கு பக்கப் படிவத்தைக் கொடுத்து, துணைக் கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஒப்படைக்க வேண்டும் என்றாள். மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடி ஸ்டியரிங்கையும் தூக்கிவந்தார்.

படிவம் நல்ல தமிழில் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. ‘பயன்படுத்துபவர்’ என்ற இடத்தில் ‘மாமனார்’ என்று எழுதினார். அதற்கடுத்த கட்டத்தில் ‘ஓட்டுநர்’ என்று இருந்தது. இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் வியந்து, ‘ஆம், ஓய்வு’ என்று எழுதினார். அதற்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கட்டத்தில் ‘வ.’ என்று மட்டும் இருந்தது. வயது 61 என்று போட்டார்.

மேசைப் பெண் படித்துப் பார்த்தாள். “ஓட்டுநர், ஓய்வு. சரியாத்தான் எழுதியிருக்கீங்க சார். நிறையப் பேருக்கு டிரைவர் நின்னு போச்சுன்னு சொல்லத் தெரியாது.”

முத்திரை விழுந்தது.

பொறியாளர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். விளையாட்டை ஓடவிட்டு, மேசையில் ஒரு கடிகாரத்தை நிமிர்த்தி வைத்தார். பத்து நிமிடம் கண்கொட்டாமல் திரையைப் பார்த்தார். பத்தாவது நிமிடம் மணியடித்ததும் லேப்டாப்பை மூடினார். ‘குறை காணப்படவில்லை’ என்று எழுதினார்.

“சார், இன்னும் ஒரே ஒரு நிமிஷம்,” என்றார் மாப்பிள்ளை.

“கண்காணிப்பு நேரம் பத்து நிமிஷம் சார்.”

“இது பதினொண்ணுல போகுது சார்.”

“அப்படியா,” என்றார் பொறியாளர், உண்மையான வருத்தத்தோடு. “பத்துக்குள்ள போற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா பாருங்க.”

சரி, போகட்டும், லேப்டாப்பையாவது கொடுங்கள் என்று மாப்பிள்ளை கேட்டபோதுதான் அடுத்த கதவு மூடியது. மேசைப் பெண் கணினியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “சார், வ. அறுபத்தொண்ணுன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“வ.ன்னா வரிசை எண். நாங்க வெளியிட்டிருக்கிற டிரைவர்ல கடைசி வரிசை நாப்பத்தேழு. நாப்பத்தெட்டே இன்னும் வரல. அறுபத்தொண்ணு உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?”

மாப்பிள்ளை விளக்கினார். அது வயது, மாமனாருடையது, அவர் பஸ் ஓட்டியவர் என்றார். மேசைப் பெண் கனிவோடு கேட்டுக்கொண்டாள். முத்திரை விழுந்த படிவத்தைத் திருத்த முடியாது, விசாரித்துத்தான் முடிக்க முடியும் என்றாள். லேப்டாப்பும் ஸ்டியரிங்கும் ஓர் இரும்பு அலமாரிக்குள் போயின. கதவில் அரக்கு வைத்தார்கள்.

அரை நாள் வேலை முடிந்து மாப்பிள்ளை வீடு திரும்பியபோது, பதினோரு நிமிடம்கூட மிச்சமில்லாமல் போயிருந்தது. மாமனார் ஸ்டியரிங் இருந்த மேசையை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

ஒரு வாரம் கழித்து மகிழ்ச்சி மேலாளர் அவரை உள்ளே அழைத்தார். குளிர்ந்த அறை. சுவரில் வரிசையாகப் பாராட்டுப் பத்திரங்கள். எல்லாம் அந்த மையம் தனக்குத்தானே வழங்கிக்கொண்டவை.

“உட்காருங்க. உங்க மேல எங்களுக்கு சந்தேகம் இல்ல. அறுபத்தொண்ணு மேலதான் சந்தேகம்,” என்றார் மேலாளர். “நீங்க எங்களைப் புரிஞ்சுக்கணும். இங்க வர்ற மெஷின்ல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுல குறையே கிடையாது. ஒரு காலத்துல அப்படி இல்ல. அப்பல்லாம் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பாங்க. பார்த்தா குறை தெரியத்தானே செய்யும். நான் வந்து பத்து நிமிஷமாக் குறைச்சேன். அன்னைக்கே தரம் உயர்ந்துடுச்சு. அடுத்த வருஷம் அஞ்சு நிமிஷம். என் காலத்துக்குள்ள குறையே இல்லாத மெஷினை இந்த நாட்டுக்குக் கொடுத்துட்டுத்தான் போவேன்.”

“சார், அது எங்க மாமனாரோட வயசு.”

“இருக்கலாம். அவரைக் கூட்டிட்டு வாங்க. பார்த்துடலாம்.”

மூன்று மாடி. ஒவ்வொரு படியாக, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமனார் ஏறினார். மாப்பிள்ளை பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கியபோது மாமனார் சொன்னார்: “முப்பத்தோரு வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டியிருக்கேன் மாப்பிள்ளை. விசாரணைன்னு ஒருத்தன் கூப்பிட்டதில்ல.”

விசாரணை சீக்கிரம் முடிந்தது. மேலாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார், ஓய்வூதியப் புத்தகத்தைப் புரட்டினார். ‘ஓட்டுநர் நேரில் ஆஜரானார். வ. 61 உறுதி செய்யப்பட்டது. மனிதர்’ என்று பதிவு செய்தார். இனி உரிமையாளர் கையெழுத்துப் போட்டுப் பொருளை வாங்கிக்கொண்டு போகலாம், அல்லது புதிதாகப் புகார் கொடுக்கலாம் என்றார். மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமனார் வலது கையில் பேனாவைத் திணித்துக்கொண்டு, இடது கையால் அதைத் தாங்கி, காகிதத்தில் ஒரு கோடு இழுத்தார். அது மழை நாளில் மண்புழு நகர்ந்த தடம் மாதிரி இருந்தது.

மேசைப் பெண், லேப்டாப் வாங்கிய அன்று மாமனார் கையெழுத்துப் போட்ட ரசீதை எடுத்து, இரண்டையும் அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகையில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். பழைய கையெழுத்து ஒரு பெரிய வளைவில் தொடங்கி, மூன்று மடிப்பு மடிந்து, அடியில் நீளமாக ஒரு கோட்டோடு முடிந்தது.

“பொருந்தல ஐயா.”

“அவருக்குக் கை விளங்காமப் போச்சும்மா,” என்றார் மாப்பிள்ளை.

“புரியுது சார். மாதிரிக் கையெழுத்தை மாத்திக்கலாம். அதுக்கு ஒரு விண்ணப்பம் இருக்கு.”

“கொடுங்க.”

“அதுல பழைய கையெழுத்தைப் போடணும்.”

மாப்பிள்ளை மாமனாரின் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். “கட்டைவிரல் ரேகை வெச்சா?”

“அதுக்கு மெஷின் இருக்கு சார். ரிப்பேர். சர்வீசுக்குக் கொடுத்திருக்கோம்.”

“எங்க?”

“இங்கதான்.” அவள் இரும்பு அலமாரியைக் காட்டினாள்.

மாப்பிள்ளைக்கு அன்றுதான் குரல் உயர்ந்தது. தான் மனிதர்களின் வாயோடு பழகுகிறவன் என்றும், இப்படி ஒரு வாயை எங்கும் கண்டதில்லை என்றும் ஏதேதோ சொன்னார். காத்திருந்தவர்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கூடத்தில் அதெல்லாம் பழகிப்போன சத்தம். மாமனார்தான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை போட்டுப் பார்க்கலாம்மா?” என்று கேட்டார்.

“ரெண்டு தடவை ஐயா. ஒவ்வொண்ணும் மூணு பிரதி.”

“நாளைக்கு வரலாம் மாப்பிள்ளை.”

மறுநாள் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். மூன்று பிரதிகள், இரண்டு தடவை, ஆறு கையெழுத்து. ஆறும் விளக்கின் மேல் ஏறி, ஆறும் தள்ளுபடியாகும். மாப்பிள்ளை காலை வேளைகளில் பல்லை விட்டுவிட்டு மாமனாரை அழைத்துக்கொண்டு மாடியேறினார். வாயில் பல் இல்லாமல் மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்று பல் மருத்துவர் சொல்லிக் காட்டினார். மனைவி ஒரு நாள், “விட்டுடுங்க, வேற ஒண்ணு பார்த்துக்கலாம்,” என்றாள். மாப்பிள்ளைக்கும் அதே எண்ணம்தான். மாமனாரிடம் போய்ச் சொன்னார்.

மாமனார் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள்களைப் பரப்பி, ஓரத்து வெள்ளையெல்லாம் வளைவு வளைவாக எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார். “அந்த முதல் வளைவு இருக்கு பாருங்க, அது வந்துடுச்சு. மடிப்புலதான் கியர் விழ மாட்டேங்குது. இந்த நேரத்துல போய் விடச் சொல்றீங்களே.”

மூன்றாவது மாதத்தில் முதல் மடிப்பு விழுந்தது. மேசைப் பெண் கண்ணாடிப் பலகையைக் குனிந்து பார்த்துவிட்டு, “நெருங்கிட்டீங்க ஐயா,” என்றாள். அவளுக்கே அதில் ஒரு பற்று வந்துவிட்டிருந்தது. மாமனார் கூடத்துக்குள் நுழைந்ததும் டோக்கன் இல்லாமலே பேனாவை எடுத்து நீட்டுவாள். முப்பது நாற்காலிக்காரர்களும் அவர் எழுதும்போது எட்டிப் பார்த்தார்கள். திரை உடைந்த லேப்டாப்போடு வந்திருந்த ஒருவர், “அடிக்கோட்டை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இழுங்க ஐயா,” என்று யோசனை சொன்னார்.

அந்த மாதம் பிசியோ அம்மா வந்து கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். பிடிமானம் அளக்கும் கருவியைக் கொடுத்தார். முள் ஏறியதைப் பார்த்து இரண்டாவது தடவையும் அளந்தார்.

“பந்து அழுத்துறீங்களா?”

“இல்லம்மா. புகார் கொடுக்குறேன்,” என்றார் மாமனார்.

நாலாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, கையெழுத்து பொருந்தியது. வளைவு, மூன்று மடிப்பு, நீளக் கோடு. மேசைப் பெண் மூன்று பிரதிகளையும் விளக்கின் மேல் வைத்து, இரண்டு தடவை பார்த்து, நேரே அரக்கை உடைக்கப் போனாள். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பொருளை ஒப்படைக்கும் முன் மீண்டும் ஒரு முறை கண்காணிக்க வேண்டும் என்பது விதி. பொறியாளர் விளையாட்டைப் போட்டு, பஸ்ஸை அதன் நிலையத்தில் நிற்கவைத்து, கடிகாரத்தை நிமிர்த்தினார். ஒன்பதாவது நிமிடத்தில், மகிழ்ச்சிக் கூட்டத்துக்கு உடனே வரும்படி மேலாளர் கூப்பிட்டுவிட்டார். பொறியாளர் அப்படியே எழுந்து போனார். லேப்டாப்பை மூட யாரும் இல்லை. திரும்பி வந்தபோது திரை கறுத்திருந்தது, எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

பொறியாளர் வெகுநேரம் நின்றபடி அதைப் பார்த்தார். இத்தனை வருட வேலையில் ஒரு பழுதை அவர் நேருக்கு நேர் பார்ப்பது அதுவே முதல் தடவை. பிறகு யாரிடமும் கேட்காமல் ஸ்குரு டிரைவரை எடுத்தார். அடிப்பலகையைக் கழற்றினார். விசிறியின் இறக்கைகளுக்கு இடையே பஞ்சுமெத்தை மாதிரி தூசி அடைந்திருந்தது. ஊதி எடுத்தார், விசிறியைத் துடைத்தார், சூட்டைக் கடத்தும் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினார், சரியான டிரைவரை ஏற்றினார். மொத்தம் நாற்பது நிமிடம். பிறகு மாமனாரைக் கண்ணாடித் தடுப்புக்குள் அழைத்து, ஸ்டியரிங்கைப் பொருத்தி, “ஓட்டிப் பாருங்க ஐயா,” என்றார்.

மாமனார் ஓட்டினார். பதினோராவது நிமிடத்தை ஒரு வளைவில் கடந்தார். மரங்களைப் போட்டார்கள், மழையைப் போட்டார்கள், பயணிகளை ஏற்றினார்கள். அரை மணி ஆனது. மாப்பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். இனி காலையில் எழுந்து நேரே பல்லுக்குப் போகலாம், இந்தப் படிகளை ஜென்மத்துக்கும் மிதிக்க வேண்டியதில்லை என்று நினைத்தபோது உடம்பே லேசாயிற்று.

மகிழ்ச்சி மேலாளரும் வந்து எட்டிப் பார்த்தார். “பாருங்க. நான்தான் முதல்லயே சொன்னேனே, மெஷின்ல குறையே இல்லன்னு.”

மேசைப் பெண் கடைசிப் படிவத்தைக் கொண்டுவந்தாள். ஒரே பக்கம், ஒரே கேள்வி. ‘எங்கள் சேவையில் முழுத் திருப்தி அடைந்தீர்களா?’ அதற்குக் கீழே ஒரு கட்டம். “ஆமான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா எடுத்துட்டுப் போயிடலாம் ஐயா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க.”

“இல்லன்னு எழுதினா?” என்று மாமனார் கேட்டார்.

“புகார் மறுபடி திறந்துக்கும். பொருள் அலமாரிக்குப் போகும். காரணத்தை விவரமா எழுதிக் கொடுக்கணும்.”

“நீங்க ஆமான்னு எழுதுங்க மாமா,” என்றார் மாப்பிள்ளை, தடுப்புக்குள் அவசரமாக நுழைந்தபடி.

மாமனார் பேனாவை வலது கையில் வாங்கினார். இடது கை துணைக்கு வரவில்லை, அது முழங்காலில் சும்மா இருந்தது. படிவத்தைத் தனக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு, கட்டத்துக்குள் எழுதினார். குண்டு குண்டாக, நடுக்கமில்லாமல், பக்கவாதம் வந்ததிலிருந்து யாரும் பார்த்திராத அழகான எழுத்து. ‘இல்லை.’

மாப்பிள்ளை படிவத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்தார். அது ஆத்திரத்தினாலா, அந்த எழுத்தைப் பார்த்ததினாலா என்று அவருக்கே பிடிபடவில்லை. “மாமா, எல்லாம் சரியாயிடுச்சே.”

“மெஷின் சரியாயிடுச்சு மாப்பிள்ளை. அதைக் கேட்கலையே அவங்க.”

“வீட்டுக்குப் போகலாம் மாமா. பஸ் ஓட்ட வேண்டாமா?”

“ஓட்டலாம். கை எங்கயும் போயிடாது இப்ப.” மாமனார் மேசைப் பெண்ணைப் பார்த்தார். “காரணம் எழுத எத்தனை தாள் கொடுப்பீங்கம்மா?”

“வேணுங்கிற அளவு ஐயா,” என்றாள் அவள். லேப்டாப்பையும் ஸ்டியரிங்கையும் எடுத்துப்போய் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். திரும்பி வரும்போது ஒரு கட்டுத் தாளோடு வந்தாள்.

மாமனார் பொறியாளரின் நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் தாளின் தலையில் தேதியும் பொருளும் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார். மாப்பிள்ளை பல் மருத்துவருக்குப் போன் செய்து இன்று மட்டுமல்ல, நாளைக்கும் வர முடியாது என்று சொல்லிவிட்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, அவர் இரண்டாவது பக்கத்தில் இருந்தார்.

“அந்தப் பத்து நிமிஷ விஷயத்தை எங்க சேர்க்கலாம் மாப்பிள்ளை, முன்னாடியா, பின்னாடியா?”

மாப்பிள்ளை கட்டிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“தனிப் பத்தியாவே எழுதிடுங்க மாமா,” என்றார்.